டேகுக்காரியின் முடிச்சுக் கயிறு

தக் மால்சுன் முதன்முதலாக எங்கள் படகில் ஏறிய அன்றே என்னோடு சண்டை போட்டாள். தனக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டாள். தோளில் மாட்டியிருந்த மரப்பெட்டிக்கு வாங்க மாட்டேன் என்றாள்.

"கோழிக்கு டிக்கெட் இல்ல. பன்னிக்குட்டிக்கு டிக்கெட் இல்ல. என் பெட்டி மட்டும் உன்னை என்ன பண்ணுச்சு?"

"பன்னிக்குட்டி மடியில உக்காந்துக்கும்க்கா. உன் பெட்டி சீட்டுல இல்ல உக்காந்திருக்கு?"

பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்றாள்.

அதற்கப்புறம் இருபது வருஷம் அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடியேதான் போனாள், வந்தாள். நானும் இருபது வருஷம் அவளுக்கு டிக்கெட் கிழித்தேன். மோக்போவில் கிளம்பி ஒன்பது தீவுகளில் நின்று, கடைசியாகக் கல்மே தீவில் தங்கி, மறுநாள் அதே வழியில் திரும்புகிற படகு எங்களுடையது. அதில் வேலை பார்த்தவனுக்கு எல்லார் கதையும் பாதி தெரியும். மால்சுன் கதை எனக்கு முழுசாகவே தெரியும், ஏனென்றால் அவள் வாய் ஓயாது.

மால்சுன் என்றால் கடைசிப் பெண் என்று அர்த்தம். அவள் வீட்டில் ஆறாவது பெண்ணாகப் பிறந்ததும், இதோடு போதும் என்று அவள் அப்பா வைத்த பெயர். "வெச்சதுக்கு அப்புறமும் ரெண்டு தங்கச்சி வந்தாளுக. எங்கப்பா பேச்சை வீட்டுல எவளும் கேக்க மாட்டா" என்பாள்.

பதினைந்து வயதில் டேகு நகரத்தில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறை. முதலில் தேய்த்தாள், பிறகு தேய்த்த வில்லையைச் சரிபார்க்கும் மேஜைக்கு வந்தாள். சுவரில் ஒரு சிலுவைக் கோடு போட்டிருக்கும். வில்லையைக் கண்முன் பிடித்து அசைத்தால் அந்தக் கோடும் அசையும். கிட்டத்தில் பார்க்க உதவுகிற கூட்டல் வில்லைமேல், தூரத்தில் பார்க்க உதவுகிற கழித்தல் வில்லையை வைத்து அசைப்பார்கள். கூட்டல் மூன்றின்மேல் கழித்தல் மூன்றை வைத்தால் கோடு நின்றுவிடும், இரண்டும் சேர்ந்து வெறும் ஜன்னல் கண்ணாடி ஆகிவிடும். இப்படி நாளைக்கு நானூறு வில்லை. பதினோரு வருஷம் செய்தாள். பிறகு மோக்போவைச் சேர்ந்த ஒரு படகுத் தச்சனைக் கட்டிக்கொண்டு, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தாள். அவளுடைய டேகுப் பேச்சு எங்கள் பக்கத்துக் காதுக்கு எப்போதும் சண்டைபோலவே கேட்கும். வணக்கம் சொன்னால்கூட ஒரு அடி பின்னால் நகர்ந்துதான் பதில் சொல்வோம்.

தீவுகளில் விற்பதற்காகப் பழைய முதலாளி அவளுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடிகளை அனுப்பிவைத்தார். கூடவே ஒரு அட்டையும். நாற்பத்தைந்து வயதுக்கு ஒன்றரை, ஐம்பதுக்கு இரண்டு, ஐம்பத்தைந்துக்கு இரண்டரை, அறுபதுக்கு மேல் மூன்று. "வயசைக் கேளு, நம்பரைக் கொடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதல் வருஷம் அவளும் அப்படித்தான் விற்றாள்.

கல்மே தீவில் வலை பின்னுகிற ஒரு அம்மாள் இருந்தாள். ஹேனம் ஊரிலிருந்து வாழ வந்தவள். அதனால் ஊரே அவளை ஹேனம்காரி என்றுதான் கூப்பிடும். வயது அறுபத்தொன்று. அட்டைப்படி மூன்றாம் நம்பர் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பதினைந்து நாள் கழித்து எங்கள் படகு துறையில் ஒதுங்கும்போதே கரையில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏய் டேகுக்காரி! இறங்கு, இறங்கி என் முதுகைப் பாரு! நேரா நின்னவ நான், உன் கண்ணாடி போட்டு கூனியாயிட்டேன்!"

"கண்ணாடி மூக்குலதானேக்கா இருக்கு? முதுகுக்கு என்ன வந்துச்சு?"

"வா, வந்து உன் கண்ணால பாரு."

படகு அன்று திரும்பாது என்பதால் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். ஹேனம்காரி வீட்டு உத்திரக் கொக்கியில் பெரிய வலை தொங்கியது. அவள் நின்றுகொண்டுதான் பின்னுவாள். கை இரண்டையும் நீட்டி, எட்ட இருக்கிற கிழிசலில் ஊசியைக் கோப்பாள். கண்ணாடியைப் போட்டதும் அந்தக் கிழிசல் அவளுக்குத் தெரியவில்லை. ஈர வலையைக் கிட்டே இழுக்கவும் முடியாது, அத்தனை கனம். அதனால் அவளே வளைந்து, வலைக்குள் முகத்தைப் புதைக்கிற மாதிரி போனாள். அப்போதுதான் முடிச்சு தெரிந்தது.

மால்சுன் ஈர வலையைத் தூக்கிக் கனம் பார்த்தாள்.

"அக்கா, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் எதுக்குடி வலை பின்றேன்?"

"அதான். எங்க முதலாளி பேப்பர் படிக்கிற டவுன்காரனுக்கு அட்டை எழுதியிருக்கான். மடியில வெச்சுப் படிக்கிறவனுக்கு எழுதினதை உன் மூக்குல மாட்டிட்டேன்."

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நம்பரிலும் ஒரு கண்ணாடியை எடுத்தாள். அந்த வீட்டு வாசல் கடலைப் பார்த்து இருக்கும். எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஒன்றாம் நம்பர் கண்ணாடியை வாசலுக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். சுவரில் ஏதோ கலங்கலாக வெளிச்சம் விழுந்தது, பிறகு திடீரென்று தெளிந்தது. கடல், அதன்மேல் ஒரு பாய்மரப் படகு. எல்லாம் கட்டைவிரல் அகலம், எல்லாம் தலைகீழ்.

"ஐயோ, என் வீட்டுச் சுவத்துல படகு தலைகீழா போகுது!" என்று ஹேனம்காரி கத்தினாள். "யாராவது விழுந்துட்டாங்களா பாரு!"

மால்சுன் வலை நூலை எடுத்து, சுவருக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டாள். சரியாக ஒரு மீட்டர். இரண்டாம் நம்பரை எடுத்தாள். படகு பாதித் தூரத்திலேயே தெளிந்தது. மூன்றாம் நம்பருக்கு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நாலுக்குக் கால் மீட்டர். அரை நம்பர்களையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. முடித்துவிட்டு நூலை நீட்டிப் பிடித்தபோது எங்களுக்கே விநோதமாக இருந்தது. நம்பர் சமமாக ஏறினாலும் முடிச்சுகள் சம இடைவெளியில் இல்லை. ஆரம்பத்தில் அகலமாக விலகி, போகப் போக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

"பாத்தியா தம்பி? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரு பூனை நீட்டிப் படுக்கலாம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு நெத்திலிதான் படுக்கும்."

"ஏன்க்கா அப்படி?"

"பங்கு போடுறதாலதான். ஒரு மீட்டரை நம்பரால பங்கு போட்டா தூரம். தூரத்தால பங்கு போட்டா நம்பர். நம்பர் ஏற ஏறத் தூரம் குறையும். பதினோரு வருஷம் நம்பரை மட்டும் பாத்துட்டிருந்தேன், தூரத்தைப் பாக்கவேயில்ல!"

பிறகு எங்களுக்கு விளக்கினாள். வெள்ளெழுத்து முற்றின கண் தூரத்துப் படகை நன்றாகப் பார்க்கும், கிட்ட இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காது. ஆனால் எவ்வளவு தூரத்தில் ஒரு கண்ணாடி கடல் படகைச் சுவரில் இறக்குகிறதோ, அதே தூரத்தில் வைத்த பொருளை அந்தக் கண்ணாடி போட்ட கண், கடல் படகைப் பார்க்கிற சுகத்தோடு பார்க்கும். மூன்றாம் நம்பர் போட்டவளுக்கு மூன்றாம் முடிச்சில்தான் உலகம். அதைத் தாண்டினால் புகை.

நூலின் நுனியை ஹேனம்காரியின் கண்ணோரம் வைத்து, மறு பக்கத்தை வலைக் கிழிசல்வரை நீட்டினாள். கிழிசல் ஒன்றரை முடிச்சுக்கும் இரண்டு முடிச்சுக்கும் நடுவில் வந்தது. ஒன்றே முக்கால் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள்.

ஹேனம்காரி நேராக நின்று, கையை நீட்டி, ஒரு முடிச்சுப் போட்டாள். இன்னொன்று போட்டாள். பத்துப் பன்னிரண்டு முடிச்சு போட்ட பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

அன்றைக்கு அங்கேயே பார்லிச் சோறும் வறுத்த நெத்திலியும் சாப்பிட்டோம். முதலாளியின் அட்டையில் மால்சுன் நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டாள்.

அதிலிருந்து அவள் யாரிடமும் வயதைக் கேட்கவில்லை. "என்ன வேலை பண்றே? பண்ணிக்காட்டு" என்பாள். தாளாகக் காயவைத்த கடற்பாசியில் மண் பொறுக்குகிறவள், முடிவெட்டக் கத்தரி பிடிக்கிறவர், எஞ்சினுக்குள் தலையை விடுகிறவன், எல்லாரும் அவள் முன்னால் வேலையை நடித்துக் காட்டுவார்கள். அவள் கண்ணோரம் நூலை வைத்து அளப்பாள். ஒரு தீவில் சீட்டாட்டக்காரர் ஒருவர் கையில் சீட்டைப் பிடித்துக் காட்டி அளந்துகொண்டார். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "எதிர்ல இருக்கிறவன் சீட்டும் தெரியற மாதிரி ஒண்ணு இருக்காம்மா?"

"அதுக்குக் கண்ணாடி எதுக்குண்ணே? எழுந்துபோய் அவன் பின்னாடி நில்லுங்க."

பெட்டியில் விற்காமல் கிடந்தது நாலாம் நம்பர் மட்டும்தான். கால் மீட்டரில் முகத்தை வைத்துச் செய்கிற வேலை எங்கள் தீவுகளில் யாருக்கும் இல்லை. பட்டறை எப்போதோ தவறாக அனுப்பிவிட்ட பத்து நாலாம் நம்பர் பெட்டியின் அடியில் கிடந்தன. "அதுல கிம்ச்சி ஊறப்போடப் போறியா?" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான்.

அவள் வர ஆரம்பித்து ஆறாம் வருஷம், வசந்த காலம். கல்மே தீவில் உப்பளம் வைத்திருந்த சா தல்சூ வீட்டில் கல்யாணம். தல்சூவுக்கு மனைவி இல்லை, ஒரே மகள் ஜொம்ரே. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஆறு வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்தார். அந்த ஆறு வருஷமும் உப்பளத்தை ஜொம்ரேதான் நடத்தினாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், "அப்பாவுக்குக் கண்ணு தெரியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பினாள். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில்தான் நிலத்துப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரையை எடுத்தார்கள். புரையோடு கண்ணுக்குள் இருந்த வில்லையும் போய்விடும், அந்தக் காலத்து வைத்தியம் அப்படித்தான். அதற்குப் பதிலாகச் சோடாப்புட்டி மாதிரி கனத்த கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். அது இருந்தால் தல்சூவுக்கு எல்லாம் தெரியும். கழற்றினால், தண்ணீருக்கு அடியில் கண் திறந்த மாதிரி.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் வீட்டு முற்றத்தில், பலகாரத்துக்காக வேகவைத்த ஒட்டரிசியைக் கல்லுரலில் போட்டு மரச்சம்மட்டியால் இடித்துக்கொண்டிருந்தார்கள். இடித்தவர் தல்சூவின் தம்பி. ஆறு வருஷமாக அரிசி இடிப்பதையே பார்க்காத தல்சூ ஆசையாகக் குனிந்து பார்த்தார். மூக்கெல்லாம் வியர்வை. கனத்த கண்ணாடி வழுக்கி உரலுக்குள் விழுந்தது. தம்பியின் கை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பக்க வில்லை பொடியாகிவிட்டது. இன்னொன்று இரண்டாகப் பிளந்தது. ஒரு உரல் அரிசியையும் குழி தோண்டிக் கொட்டினார்கள். தம்பி சம்மட்டியை வைத்துவிட்டு உரல் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதார். "அழாதேடா, நல்லவேளை என் மண்டை விழல" என்று தல்சூதான் அவரைத் தேற்றினார்.

ஜொம்ரே அழவில்லை. ஏப்ரனை அவிழ்த்து வைத்தாள். "கல்யாணத்தைத் தள்ளி வைங்க" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? மாப்பிள்ளை பத்து நாள்ல ஆழ்கடல் கப்பலுக்குப் போறான். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். ஆறு வருஷம் இருந்தேன், இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போறேன். நீங்க பாக்காத கல்யாணம் எனக்கு எதுக்குப்பா?"

புதுக் கண்ணாடி நிலத்திலிருந்து வர ஒரு மாதம் ஆகும். அதுவும் படகு போனால். இரண்டு நாளாகக் கடல்மேல் பஞ்சுமூட்டை மாதிரி மூடுபனி. எங்கள் படகு கல்மே துறையில் கட்டிக் கிடந்தது, நானும் மால்சுன்னும் ஹேனம்காரி வீட்டில் கிடந்தோம். விஷயம் காதில் விழுந்ததும் ஹேனம்காரி, "பெட்டியத் தூக்குடி" என்றாள்.

தல்சூ வீட்டுக்குள் நுழைந்ததும் மால்சுன் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "உடைஞ்சதைக் காட்டுங்க" என்றாள். பிளந்த வில்லையில் பெரிய துண்டு ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்தாள். வெளியே வெயில் இல்லை, பனியின் வெளுப்பு மட்டும். நீளமான இடம் வேண்டும் என்று கேட்டு உப்புக் கொட்டகைக்குப் போனாள். ஒரு கோடியில் வாசல், மறுகோடியில் உப்புக் குவியல். குவியல்மேல் ஒரு பலகை சாத்தி, அதில் வெள்ளைத் தாளை ஒட்டி, வில்லைத் துண்டைத் தாளுக்கு எதிரே பிடித்தாள். கொட்டகை வாசல் ஒரு அரிசிமணி அளவுக்குத் தலைகீழாக விழுந்தது. தாளுக்கும் துண்டுக்கும் நடுவில் நூலை வைத்தாள். நாலாம் முடிச்சுகூடப் பெரிய தூரமாக இருந்தது. இதற்கு அவளிடம் முடிச்சே இல்லை.

"தம்பி, இந்த அளவை ஒரு மீட்டர்ல எத்தனை தடவை வைக்கலாம்னு பாரு."

நான் நூலை மடித்து மடித்து எண்ணினேன். பன்னிரண்டு தடவை அடங்கியது.

"அப்ப பன்னெண்டு நம்பர்" என்றாள். "என்கிட்ட இருக்கிறதுல பெருசு நாலு."

கூட வந்திருந்த ஜொம்ரே முகம் சுண்டிப்போய்ப் போகத் திரும்பினாள்.

"நில்லு, நில்லு. நாலும் நாலும் எவ்வளவு?"

"என்ன சித்தி கேக்கிறீங்க? எட்டு."

"எட்டும் நாலும்?"

ஜொம்ரே திரும்பி வந்தாள். மால்சுன் பெட்டியின் அடியிலிருந்து நாலாம் நம்பர் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தாளுக்கு எதிரே பிடித்தாள். வாசல் கால் மீட்டரில் தெளிந்தது. அதன்மேல் இன்னொன்றை ஒட்டி வைத்தாள். படம் கலங்கியது. தாளை நோக்கி நகர்த்தினாள், பாதித் தூரத்தில் மறுபடி தெளிந்தது. மூன்றாவதையும் வைத்தாள். இப்போது உடைந்த துண்டு நின்ற இடத்துக்கே, கிட்டத்தட்ட அதே இடத்துக்கே வந்து வாசல் தெளிந்தது.

"பட்டறையில கூட்டலையும் கழித்தலையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுக் கழிப்போம்" என்றாள். "கழியுதுன்னா கூடவும் கூடும்தானே? தூரத்தைக் கூட்டினா ஒண்ணும் ஆகாது. நம்பரைக் கூட்டணும்."

மூன்று கண்ணாடிகளையும் ஒன்றாகச் சேர்ப்பது ஹேனம்காரி வேலை. முன்னால் வருகிற இரண்டிலும் காதுக் கொம்புகளைக் கழற்றிவிட்டு, சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, வலை நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். தன் ஒன்றே முக்கால் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் யாரையும் பேசவிடவில்லை. மூன்று சட்டமும் சேர்ந்து உப்புப் பொட்டலம் மாதிரி கனத்தது. மூக்கு தாங்காது என்று பஞ்சு வைத்தார்கள். விழாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் ஒரு நாடா.

தல்சூ அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். எதிரே நாங்கள் ஏழெட்டுப் பேர். அவர் தலையை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். பெரிய பூச்சி ஒன்று எங்களைப் பார்ப்பது போல இருந்தது. யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

"ஜொம்ரே."

"என்னப்பா?"

"மூக்குல மாவு ஒட்டியிருக்கு. தொடை."

அவள் துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள். தம்பி மறுபடி அழுதார். தல்சூ மட்டும், "டேகுக்காரம்மா, ஓரம் கொஞ்சம் வளையுது. பழசுலயும் வளைஞ்சுது. பரவாயில்ல" என்று கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பனி இன்னும் கெட்டியானது. மாப்பிள்ளை அதே தீவின் வடக்கு ஊர்க்காரன், நடந்து வர வேண்டும். வழக்கப்படி பெண் வீட்டுக்குக் கொடுக்க, மரத்தில் செய்த காட்டு வாத்தைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன், பனியில் வழிதவறி, உப்பளப் பாத்திகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லாரும் காத்திருந்தோம். தல்சூ குதிரைமயிர்த் தொப்பியும் மூன்று கண்ணாடியுமாக வாசலிலேயே நின்றார்.

"மூணு கண்ணாடி போட்டும் மாப்பிள்ளையைக் காணோமே!" என்றார். அதுதான் உடைத்துவிட்டது. முதல்நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு முழுக்க முற்றத்தில் கொட்டியது. மாப்பிள்ளை முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தபோது, எதற்கு எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் வாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜொம்ரேயை அலங்காரம் செய்து கூட்டிவந்தார்கள். கன்னத்தில் சிவப்புப் பொட்டு, முகத்தில் வெள்ளைப் பொடி. பெண் குனிந்த தலை நிமிரக்கூடாது, சிரிக்கக்கூடாது. சிரித்தால் முதல் குழந்தை பெண்ணாய்ப் பிறக்கும் என்பார்கள். தல்சூ கிட்டே போய் மகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்கம்மா மாதிரியே இருக்க" என்றார். கொஞ்சம் பின்னால் நகர்ந்து மறுபடி பார்த்தார். "இல்ல. கொஞ்சம் குட்டை."

ஜொம்ரே நிமிர்ந்து பார்த்தாள். மூன்று அடுக்கு வில்லைக்குப் பின்னால் அப்பாவின் கண் முட்டை அளவுக்குத் தெரிந்தது. சிரித்துவிட்டாள். பொடி வெடிக்கிற அளவுக்குச் சிரித்தாள். முதல் குழந்தை பெண்தான். ஜொம்ரேக்கு இப்போது பேரக்குழந்தைகள்.

நாலாம் நாள் பனி விலகியது. படகில் ஏறி உட்கார்ந்ததும் மால்சுன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஏழு நாலாம் நம்பர் இருக்கு" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. "எங்க வீட்டுக்காரன் கிம்ச்சி கேப்பான், என்ன சொல்லலாம்?"

ஒரு மாதத்தில் தல்சூவுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. அந்த மூன்றடுக்குச் செய்தி தீவு தீவாகப் பரவி, புரை எடுத்த நாலைந்து பேர் தங்களுக்கும் அப்படி ஒன்று கட்டித் தரச்சொல்லி வந்தார்கள். அவள் மறுத்துவிட்டாள். "அது தீ அணைக்கிற வாளி மாதிரி, அவசரத்துக்கு. தினம் தூக்கிட்டு நடக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக் கண்ணாடியப் போடுங்க" என்றாள். ஆனால் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டாள். நூலால் அளந்து எந்த நம்பரைப் போட்டும் தெளியவில்லை என்றால், "இது நம்பர் இல்ல, புரை" என்று சொல்லி அவர்களைக் கையோடு எங்கள் படகில் ஏற்றி, தானே ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். பதினேழு பேர். எனக்கு எண்ணிக்கை தெரியும், டிக்கெட் கிழித்தவன் நான்.

என் நாற்பத்தாறாம் வயதில் எனக்கும் டிக்கெட் எழுத்து மங்கியது. மேல்தளத்தில் என்னை நிறுத்தி, டிக்கெட்டைக் கிழிக்கச் சொல்லி அளந்தாள். "அட்டைப்படி உனக்கு ஒண்ணரை. ஆனா தொப்பை முன்னாடி தள்ளினதுல டிக்கெட்டும் தள்ளிப்போச்சு. உனக்கு ஒண்ணேகால் போதும்." பயணிகள் முன்னாலேயே சொன்னாள்.

பிறகு சட்டம் வந்தது. பரீட்சை எழுதினவர்கள்தான் கண்ணாடி விற்கலாம் என்றார்கள். நாற்பத்தேழு வயதில் புத்தகம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தடவை தோற்றாள். புத்தகத்தில் குவியத் தூரம் என்றும் திறன் என்றும் பெரிய பெரிய வார்த்தைகள். "திறன் என்பது மீட்டரில் அளந்த குவியத் தூரத்தின் தலைகீழ்" என்று ஒரு வரி. அதைப் படகில் எனக்கு வாசித்துக் காட்டினாள். "ஹேனம்காரி வீட்டுப் படகைத்தான் இப்படி எழுதி வெச்சிருக்கான்" என்று சிரித்தாள். இரண்டாம் தடவை தேறினாள். மோக்போ மீன்சந்தைத் தெருவில் ஒரு சின்னக் கடை வைத்தாள். தீவுக்காரர்கள் வலை ஊசியும் கத்தரியுமாக அங்கே வந்து நடித்துக் காட்டினார்கள். அந்தத் தெருவுக்கே அது வேடிக்கை.

இப்போது அவளுக்கு எண்பத்து மூன்று. போன குளிர்காலத்தில் அவளுக்கே இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இந்தக் காலத்தில் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். என்ன நம்பர் வைக்கப்போகிறீர்கள், எந்தத் தூரத்துக்கு என்று டாக்டரைக் கேட்டுக் குடைந்திருக்கிறாள். எந்தத் தூரத்துக்கு வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்க, தொலைக்காட்சியா சமையலா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, "தூரத்துக்கே வைங்க, கடல் தெரியணும்" என்று சொன்னாளாம்.

நான் பார்க்கப் போனபோது கட்டுப் பிரித்து மூன்றாம் நாள். அவளும் புருஷனும் வீட்டுச் சாமான்களையெல்லாம் வாசலில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறை நெருங்கும் அந்த மனுஷன் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா இது, ஆபரேஷன் பண்ணிட்டு இந்த வேலை?"

"வீடு இவ்வளவு அழுக்கா இருந்துருக்கு தம்பி! இத்தனை வருஷம் எவனும் சொல்லலையே!" என்றாள். பிறகு என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "சரி, உன்னையும் கழுவ முடியாது. உள்ள வந்து உக்காரு. கடல்பாசி சூப் வெச்சிருக்கேன்."